தனியாக ஓட்டினால் உடனே வரும் குவெரி, கூட்டம் ஏறியதும் ஏன் திணறுகிறது?

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடையின் ஆர்டர் தளம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், 4 கோர் சர்வர். தீபாவளி விற்பனை மாலைகளில் 'இன்றைய ஆர்டர்கள்' பக்கம் திறக்க 8 வினாடி ஆகிறது. காலையில் அதே குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) சட்டென்று வருகிறது. மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை (ஒரே சமயத்தில் அனுமதிக்கும் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை) 100-லிருந்து 500 ஆக்கலாமா?

தயவுசெய்து ஆக்காதீர்கள். 4 கோரில் ஒரே கணத்தில் ஓடக்கூடியவை நான்குதான். கனெக்‌ஷனைக் கூட்டினால் வரிசை டேட்டாபேஸுக்குள் நகரும், குறையாது.

பக்கம் திணறும் அந்த நேரத்திலேயே பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பாருங்கள்; எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பட்டியல் அது. ஆக்டிவ் வரிகளில் வெயிட்_ஈவன்ட்_டைப் (எதற்காகக் காத்திருக்கிறது) காலியாக இருந்தால் சிபியு வேலை, ஐஓ என்றால் டிஸ்க். லாக் (பூட்டு) என்றிருந்தால் பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் (pg_blocking_pids) மறிப்பது யார் என்று காட்டிவிடும். வெறும் செலக்ட் (படிக்கும் கட்டளை), ரோ லாக்குக்காக (ஒரு வரியின் மீதான பூட்டு) நிற்காது. அது நின்றால் பெரும்பாலும் முன்னால் டேபிளின் அமைப்பை மாற்றும் ஓர் ஆல்டர் டேபிள் காத்திருக்கும். அதற்கும் முன்னால் 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' ஒன்று, அதாவது தொடங்கிய வேலைத் தொகுப்பை முடிக்காமல் சும்மா இருக்கும் இணைப்பு, கிடக்கும். பேமென்ட் கேட்வேயின் பதில் வரும்வரை டிரான்ஸாக்‌ஷனைத் திறந்தே வைத்திருக்கும் புரோகிராம் கோடுதான் அடிக்கடி அகப்படுவது. கேட்வே அழைப்பை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே எடுங்கள்.

உங்கள் குவெரியில் நான் முதலில் சந்தேகப்படுவது தேதியை. நேரம் பதிவாகும் பத்தியை (column) சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றி, தேதியாக்கி ஒப்பிட்டால் அதன்மேல் உள்ள சாதாரண இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் குறிப்பு) பயன்படாது. முழு டேபிளும் படிக்கப்படும். காலையில் சிபியு சும்மா இருப்பதால், பேரலல் வொர்க்கர்கள் (ஒரே குவெரிக்கு உதவும் துணை புரோசெஸ்கள்) பங்குபோட்டுப் படித்து அதை மறைத்துவிடுகின்றன. மாலையில் வொர்க்கரும் கிடைக்காது, கோரும் கிடைக்காது. பத்தியைத் தொடாமல் வரம்பை மாற்றுங்கள்: முந்தைய நாள் 16:00 யூடிசி முதல், அன்றைய 16:00 யூடிசிக்கு முன்வரை. இங்கே கோடைக்கால நேர மாற்றம் இல்லை, எப்போதும் 8 மணி வித்தியாசம்தான். இண்டெக்ஸ் இன்னும் இல்லையென்றால் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்து உருவாக்குங்கள், விற்பனை நிற்காது. பாதியில் தோற்றால் 'இன்வேலிட்' (செல்லாத) இண்டெக்ஸ் தங்கிவிடும்; டிராப் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளைனை அனலைஸ், பஃபர்ஸ் இரண்டோடும் முன்னும் பின்னும் ஓட்டிப் படித்த பக்கங்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நேரத்தை மட்டும் நம்பவேண்டாம், அது கேஷைப் பொறுத்து மாறும்.

அதன்பிறகு, சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை டிரான்ஸாக்‌ஷன் மோடில் வைத்து, பூல் அளவை 10-இல் தொடங்குங்கள். அந்த மோடில் டிரான்ஸாக்‌ஷனுக்கு டிரான்ஸாக்‌ஷன் இணைப்பு மாறலாம், அதனால் லிசன், செஷன் அளவிலான செட், அட்வைசரி லாக் ஆகியவற்றை நம்பமுடியாது. புரோகிராம் கோடில் அவை இருக்கின்றனவா என்று முன்கூட்டியே தேடிவிடுங்கள்.

வேலைக்கான நினைவக அளவான வொர்க்_மெம்மைப் பெரிதாக ஏற்றவேண்டாம். அது கனெக்‌ஷனுக்கு ஒன்றல்ல, குவெரியின் ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்தல்) ஹேஷுக்கும் தனித்தனி.