அலாரம் பேனலில் ‘பஸ் ஃபால்ட்’: கேள்வி பதில்

கீபேடையும் எக்ஸ்பாண்டரையும் (கூடுதல் டிடெக்டர்களை மாட்டும் பெட்டி) பேனலோடு இணைக்கும் நாலு கம்பியில், அதாவது ‘பஸ்’ஸில், வரும் கோளாறுகளை மட்டும் கேளுங்கள். வயர்லெஸ் சென்சார் இன்று வேண்டாம்.

கே: கரண்ட் போனால் மட்டும் கடைசி எக்ஸ்பாண்டர் காணாமல் போகிறது. வந்ததும் சரியாகிவிடுகிறது. புது எக்ஸ்பாண்டர் போட்டும் அதே கதைதான். கேபிள் 100 மீட்டர் இருக்கும்.

ப: எக்ஸ்பாண்டர் மேல் பழியில்லை, கணக்கைப் பாருங்கள். வழக்கமான 7/0.2 (0.2 மி.மீ. இழை ஏழு) அலாரம் கேபிளில் ஒரு கம்பி 100 மீட்டருக்குச் சுமார் 8 ஓம். போக வர 16. எக்ஸ்பாண்டரும் அதில் தொங்கும் டிடெக்டர்களும் சேர்ந்து 200 மில்லிஆம்ப் இழுத்தால் 3.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். கரண்ட் இருக்கும்போது பேனலில் 13.8, கடைசியில் 10.6. தட்டுத் தடுமாறி ஓடிவிடும். கரண்ட் போய் பேட்டரி 11.5-க்கு இறங்கினால் கடைசியில் 8.3தான் மிஞ்சும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அந்த 3.2-இல் பாதி சைபர் வோல்ட் கம்பியில் விழுகிறது. அதாவது எக்ஸ்பாண்டரின் சைபர், பேனலின் சைபரைவிட 1.6 வோல்ட் மேலே நிற்கிறது. டேட்டா, கிளாக் என்று தனித்தனிக் கம்பி உள்ள பஸ்ஸில் இரண்டு பக்கமும் சைபரை வைத்துத்தான் சிக்னலை அளக்கின்றன. சைபர் நகர்ந்தால் பேச்சு குழறும். ஏ, பி என்ற இரண்டு கம்பிக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் ஆர்எஸ்-485 பஸ் இதை நன்றாகவே தாங்கும்.

கேபிளில் சும்மா கிடக்கும் கம்பிகளில் ஒன்றை பிளஸ்ஸோடும் ஒன்றை சைபரோடும் இரட்டையாகச் சேருங்கள். இழப்பு 1.6 ஆகக் குறையும். போதாவிட்டால் அந்த முனையில் தனி பவர் சப்ளை வையுங்கள். அப்போது இரண்டு சப்ளையின் சைபரையும் கட்டாயம் இணைக்கணும், பிளஸ்ஸை இணைக்கவே கூடாது. அளப்பது எக்ஸ்பாண்டர் டெர்மினலில், மெயின்ஸை அணைத்து, சைரன் ஒலிக்கும்போது. பேனலில் அளந்துவிட்டு ‘வோல்ட்டேஜ் சரி’ என்று வராதீர்கள்.

கே: கீபேடில் ‘பஸ் ஃபால்ட்’ காட்டுகிறது. மெயின் போர்டை மாற்றிவிடலாமா சார்?

ப: வேண்டாம். இன்ஜினியர் மோடுக்குப் போங்கள், கண்காணிப்பு மையம் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மூடியைத் திறந்ததும் டேம்பர் அலறும். பவரை நிறுத்தி, பஸ் கம்பிகள் எல்லாவற்றையும் பேனலிலிருந்து கழற்றுங்கள். அந்தக் கீபேடை மட்டும் ஒரு மீட்டர் வயரில் நேரடியாக மாட்டிப் பவர் கொடுங்கள். வேலை செய்தால் போர்டும் கீபேடும் நலம், கேபிளிலோ அதில் தொங்கும் வேறு கருவியிலோதான் கோளாறு. பிறகு லைனை நடுவில் பிரியுங்கள். எந்தப் பாதி சேர்ந்ததும் கெடுகிறதோ அதை மறுபடி நடுவில் பிரியுங்கள். 16 கருவி இருந்தாலும் நாலே தடவையில் கையில் சிக்கும்.

கே: ஆர்எஸ்-485 லைனில் ஏ-க்கும் பி-க்கும் நடுவே எத்தனை ஓம் காட்டணும்?

ப: மெயின்ஸ், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு அளக்கணும். இரு முனையிலும் 680 ஓம் ரெசிஸ்டர் கேட்கும் பேனலானால் 340-ஐ ஒட்டி, 120 ஓம் கேட்பதானால் 60-ஐ ஒட்டி. கருவிகள் தொங்கினால் கொஞ்சம் குறையும். 680 முழுசாகக் காட்டினால் ஒரு முனை ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் லைன் அறுந்திருக்கிறது. சைபர் காட்டினால் ஷார்ட்.

கே: எனக்கும் பஸ் ஃபால்ட். போர்டு போயிருக்குமா?

ப: இரண்டாவது பதில்.

கே: இரண்டு எக்ஸ்பாண்டர் புதிதாக வைத்தேன். மாறி மாறி வருகின்றன, போகின்றன.

ப: இரண்டும் ஒரே அட்ரஸில் இருக்கும். பவரை நிறுத்தி ஒன்றின் அட்ரஸை மாற்றி, பேனலில் மறுபடி பதியுங்கள்.

கே: ஆர்எஸ்-485-ஐ ஸ்டாராக, அதாவது பேனலிலிருந்து தனித்தனிக் கிளைகளாக, இழுக்கவே கூடாது என்கிறார்கள். நான் நாலு கிளை போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் 40 மீட்டர். பிரச்சினையே இல்லையே? கேபிள் முனையில் சிக்னல் மோதித் திரும்பும் எதிரொலிப்பு என்பதெல்லாம் பூச்சாண்டி.

ப: எதிரொலிப்பைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பாதி சரி. கேபிளில் சிக்னல் மீட்டருக்குச் சுமார் 5 நானோசெகண்டில் ஓடும். 40 மீட்டர் போய்த் திரும்ப 400 நானோசெகண்ட். 9600 பாடில் (நொடிக்கு 9600 பிட்) ஒரு பிட் 104 மைக்ரோசெகண்ட். ரிசீவர் பிட்டின் நடுவில்தான் பார்க்கிறது. அதற்குள் எதிரொலி அடங்கிவிடும். 115200 என்றால் பிட் 8.7 மைக்ரோசெகண்ட்தான், நாலைந்து முறை போய் வருவதற்குள் கால்வாசி தின்றுவிடும்.

கே: அப்படியானால் தடை எதற்கு?

ப: எதிரொலியை அடக்கும் முனை ரெசிஸ்டரை எங்கே வைப்பீர்கள்? நாலு முனையிலும் 120 வைத்தால் 30 ஓம் ஆகிவிடும். ஆர்எஸ்-485 டிரைவர் 54 ஓம் சுமைக்கு 1.5 வோல்ட் தருவதாகத்தான் கணக்கு. நீங்கள் ரெசிஸ்டரே வைத்திருக்க மாட்டீர்கள், அதனால் ஓடுகிறது.

கே: வைக்கவில்லைதான். ஓடுகிறதே!

ப: ஓடட்டும். நாளைக்கு இன்னும் மூன்று கிளை சேர்ப்பீர்கள், பக்கத்தில் மோட்டார் டிரைவ் வரும், அன்று ஓமை அளந்தும் எதுவும் புரியாது, நடுவில் பிரிக்க நடுவே இருக்காது. என்னைக் கேட்டால், ஒவ்வொரு கிளை முனைக்கும் போய்த் திரும்பிவந்து அடுத்ததற்குப் போகும் ஒரே லைன் வயரிங்; கேபிள் இரட்டிப்பாகும், தலைவலி பாதியாகும்.

கே: கேட்-5 கேபிளில் ஏ-வை ஆரஞ்சிலும் பி-யைப் பச்சையிலும் போட்டேன்.

ப: இரண்டும் ஒரே ஜோடியில் இருக்கணும். ஆரஞ்சும் ஆரஞ்சு-வெள்ளையும். இல்லாவிட்டால் ஜோடிகள் முறுக்கப்பட்டிருப்பதால் பயனே இல்லை.

கே: நாய் நடந்தால் டிடெக்டர் அடிக்கிறது...

ப: அது டிடெக்டர் விவகாரம், இங்கே இல்லை.

கே: கேபிளின் ஸ்கிரீனை (கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறையை) இரு பக்கமும் எர்த் செய்யலாமா?

ப: பேனல் பக்கம் மட்டும். இரு பக்கமும் செய்தால் எர்த்துகளுக்கு இடையிலான மின்னோட்டம் ஸ்கிரீன் வழியே ஓடும்.

கே: பஸ் ஃபால்ட் வந்து வந்து போகிறது. கீபேடைத் தட்டினால் சரியாகிறது. போர்டு மாற்றவா?

ப: போர்டு, போர்டு! தட்டினால் சரியாகிறது என்றால் ஸ்க்ரூவைப் பாருங்கள். கம்பியின் உறையை உரிக்காமலோ குறைவாக உரித்தோ சொருகினால், ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டு இறுகியதுபோல நிற்கும். உள்ளே செம்பு ஒன்றிரண்டு இழைதான் தொட்டிருக்கும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கீபேட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முள்ளை ஸ்க்ரூ தலையிலும் மற்றதை அதே கம்பியின் செம்பிலும் வையுங்கள். ஒன்றிரண்டு மில்லிவோல்ட் சரி. அரை வோல்ட் காட்டினால் அங்கேதான் கோளாறு. சைபர் வோல்ட் கம்பியிலிருந்து தொடங்குங்கள்.