முதல் தோற்றமா, கடைசிக் கட்டமா?

பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் என்று சொல்லி ஒருவர் போட்டோ அனுப்பியிருக்கிறார். அட்டையில் ஜூன் 1938 என்றும் விலை 10 சென்ட் என்றும் இருக்கிறது. நம்பலாமா? (வாசகர், கோவை)

ப: தேதியையும் விலையையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 1974-ல் டிசி நிறுவனமே இந்த இதழை முன்னட்டை முதல் விளம்பரங்கள் வரை அப்படியே மறுபதிப்பாக வெளியிட்டது. அதன்மேல் 'ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று அச்சிட்ட இன்னோர் அட்டை இருந்தது. அந்த மேலட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே 1938 அட்டை அப்படியே நிற்கும். இப்படிக் கழற்றி அசல் என்று விற்றது பலமுறை நடந்திருக்கிறது.

காட்டிக்கொடுப்பது அளவு ஒன்றுதான். அசல் ஏறக்குறைய 19.7 செ.மீ. அகலம், 26.7 செ.மீ. உயரம். மறுபதிப்போ 25 செ.மீ.க்கு 34 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு காலண்டர் அளவு. போட்டோவில் இந்த வித்தியாசம் தெரியாது; ஏமாற்று நடப்பதே அங்கேதான். புத்தகத்தின்மேல் ஸ்கேலை வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓரங்களை வெட்டிச் சிறிதாக்கினாலும் பலிக்காது. படங்களும் எழுத்துகளும் சேர்ந்தே பெரிதாகியிருப்பதால், வெட்டினால் அட்டைப்படமே அறுபடும்.

அட்டையில் ஜூன் என்று இருந்தாலும் இதழ் கடைக்கு வந்தது 1938 ஏப்ரல் 18. பழசாகிவிட்டது என்று கடைக்காரர் சீக்கிரம் எடுத்துவிடக் கூடாதே என்பதற்காக அக்காலத்தில் தேதியை இரண்டு மாதம் தள்ளிப் போடுவார்கள். முதல் தோற்றத்தின் தேதியைக் குறிப்பிடும்போது எது அட்டைத் தேதி, எது விற்பனைத் தேதி என்று பிரித்துச் சொல்லாவிட்டால் குழப்பம்தான்.

கே: வோல்வரின் முதலில் வந்தது 'இன்கிரெடிபிள் ஹல்க்' 180-ஆம் இதழிலா, 181-லா? (வாசகர், திருச்சி)

ப: 180-ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில், கடைசிக் கட்டத்தில், அதாவது கடைசிப் படத்தில், வந்து நிற்கிறார். அதோடு 'தொடரும்'. அட்டையோடு முழுக்கதையாக வந்தது 181-ல், நவம்பர் 1974. முதல் தோற்றம் என்ற சொல்லுக்கு நேர்மையான பொருள் 180 என்பதே எங்கள் கருத்து. ஆனால் சந்தை 181 பக்கம் சாய்ந்துவிட்டது.

181 வாங்குவதானால் அட்டையை ரசிப்பதற்கு முன் வாசகர் கடிதப் பக்கத்தைத் திருப்புங்கள். 1974-ல் தொடங்கி, ஹல்க் இதழை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் இதழ்களில் 'மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்' என்ற சிறு படத்தை அங்கே அச்சிட்டார்கள். முதல் வரிசையில் மொத்தம் 100. வாங்கிய பிள்ளைகள் அதைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டினார்கள். 181-ல் இருக்க வேண்டியது 54-ஆம் எண், ஷானா என்ற மார்வெல் நாயகியின் படம். அந்த இடத்தில் ஜன்னல் மாதிரி ஓட்டை இருந்தால், அட்டை எவ்வளவு பளபளத்தாலும் அது குறைப்பிரதி. விலை பாதாளத்துக்குப் போகும்.

வேறொரு பிரதியின் தாளைச் செருகி ஓட்டையை மறைப்பதும் உண்டு. அந்தத் தாளும் அதன் எதிர்ப்பாதியும் நடுவில் ஒரே தாளாக ஓடுகிறதா, பின் குத்திய துளைகள் மற்ற தாள்களோடு நேராக நிற்கின்றனவா, தாளின் பழுப்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கும்போது புத்தகத்தை 90 டிகிரிக்கு மேல் விரிக்காதீர்கள். ஐம்பது வயதுச் சாணித்தாள் முதுகில் வெடித்துவிடும்.

கே: ஹல்க் முதலில் சாம்பல் நிறமாமே? (வாசகர், சேலம்)

ப: ஆமாம், மே 1962-ல் வந்த முதல் இதழில் மட்டும். இரண்டாம் இதழிலேயே பச்சையாகிவிட்டார். காரணம் அச்சு. அன்றைய முறையில் சாம்பல் வர வேண்டுமென்றால் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றின் புள்ளிகளும் சரியான அளவில் ஒன்றுசேர வேண்டும். வேகமாக ஓடும் இயந்திரத்தில், மை ஊறும் மலிவுத் தாளில் ஏதாவது ஒரு மை சற்றுக் கூடினாலும் நிறம் மாறிவிடும். முதல் இதழைப் பிரித்தால் ஒரு கட்டத்தில் வெளிர்சாம்பலாகவும் அடுத்ததில் கருஞ்சாம்பலாகவும் இருப்பார். பச்சை தட்டும் கட்டங்களும் உண்டு. பச்சைக்கு நீலமும் மஞ்சளும் போதும். கொஞ்சம் கூடக்குறைய விழுந்தாலும் பச்சை பச்சைதான். பிற்பாடு வந்த மறுபதிப்புகளில் முதல் கதைக்கும் பச்சை பூசிவிட்டார்கள். சாம்பல் ஹல்க் 324-ஆம் இதழில், 1986-ல்தான் திரும்பினார்.

கே: என்னிடமுள்ள 'அமேசிங் ஸ்பைடர்மேன்' முதல் இதழில் ஸ்பைடர்மேனின் இயற்பெயரான பீட்டர் பார்க்கரை 'பீட்டர் பாமர்' என்று போட்டிருக்கிறது. அரிய பிரதியா? (வாசகர், கொழும்பு)

ப: இல்லை. கமேலியன் என்ற வில்லன் வரும் கதையில் எல்லாப் பிரதிகளிலும் அந்தப் பிழை உண்டு. அதற்கென்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கே: தமிழ் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடருக்கும் சூப்பர்மேனுக்கும் தொடர்பு உண்டா? (வாசகர், சிவகாசி)

ப: உண்டு, நல்ல தொடர்பு. இந்த ஸ்பைடர் ஸ்பைடர்மேன் அல்ல, அமெரிக்கப் படைப்பும் அல்ல. 1965 ஜூனில் இங்கிலாந்தின் 'லயன்' வார இதழில் அறிமுகமானவர். உருவாக்கியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெஜ் பன். முதல் இரண்டு கதைகளுக்குப் பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஓவியர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கி, 1938-ல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்த அதே சீகல். குற்றச் சக்கரவர்த்தியாக வந்த ஸ்பைடர் பிறகு தன்னைவிடப் பெரிய வில்லன்களோடு மோதத் தொடங்கினார். வலைத் துப்பாக்கியும் ஹெலிகார் என்ற பறக்கும் வண்டியுமாக நம்மவர்கள் ரசித்த அந்த விபரீத வில்லன் கதைகளில் பெரும்பகுதி சீகலின் கைவண்ணம். உங்களிடம் அந்தத் தமிழ் இதழ்கள் இருந்தால் பின்களைப் பாருங்கள். துரு பிடித்திருந்தால் தாளை அரிக்கும் முன் மெல்ல நிமிர்த்திக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு.