வளர்த்த பிள்ளையைத் தாய் திரும்பக் கேட்கிறார்: தடுக்க முடியுமா?

கேள்வி: குழந்தை நலக்குழு உத்தரவுப்படி ஒரு சிறுமியை மூன்றரை ஆண்டுகளாக வளர்க்கிறோம். இப்போது வயது 9. இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத தாய் வந்து கேட்டதும், வளர்ப்புப் பராமரிப்பை (தத்தெடுக்காமல் தற்காலிகமாக வளர்க்கும் ஏற்பாடு) ரத்து செய்து 12 நாள் முன்பு குழு உத்தரவிட்டுவிட்டது. 2 ஆண்டு வளர்த்தாலே தத்தெடுக்கலாமாமே? விட்டுக்கொடுக்க மனமில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: தாய் இத்தனை நாள் எங்கே இருந்தார் என்பதை ஒதுக்கிவையுங்கள். சிறுமியைத் தத்துக் கொடுக்கத் தகுதியானவள் என்று குழு எப்போதாவது அறிவித்ததா? அந்த அறிவிப்பு இல்லாமல் 2 ஆண்டுக் கணக்கு உதவாது. பெற்றவர் வளர்க்கத் தகுதியானவர் எனக் குழு முடிவு செய்தால் பிள்ளை திரும்பிப் போகலாம் என்கிறது, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 44.

நீங்கள் வாதாட முடிவது சிறுமியுடைய உரிமையை வைத்துத்தான். அவள் விருப்பத்தைக் கேட்டார்களா, அவள் நலனை எடைபோட்டார்களா? மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள்; வளர்ப்புப் பராமரிப்பு முடிவுகளுக்கு பிரிவு 101 காட்டும் இடம் மாவட்ட ஆட்சியர். தவறான இடத்தில் கொடுத்த மனு திரும்பி வருவதற்குள் கெடு முடிந்துவிடும்.

மேல்முறையீடு போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது, இடைக்காலத் தடை தனியாகக் கேட்க வேண்டும். இங்கேதான் பலரும் விழுகிறார்கள். 'மனு நிலுவையில் இருக்கிறதே' என்று பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டுவைப்பார்கள். தாய் ஆட்கொணர்வு மனு (ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனு) போட்டால் போலீஸ் வந்து அழைத்துப்போகும். இத்தனை ஆண்டு சேர்த்த நல்ல பெயரும் அன்றோடு போகும். பள்ளியிலோ ஆதாரிலோ உங்களைப் பெற்றோர் என்று பதிந்திருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நீங்களே எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள். எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்வரை காத்திருக்க வேண்டாம். தயவுசெய்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைக்காதீர்கள். ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) நாலு கேள்வியில் கண்டுபிடிப்பார். பிறகு அவள் மனசார 'இங்கேயே இருக்கிறேன்' என்றாலும் எடுபடாது.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் பேசுங்கள். கல்வியாண்டு முடியும்வரை உங்களிடம், வார இறுதியில் தாயிடம், பிறகு படிப்படியாக மாற்றம், அதன்பின்னும் நீங்கள் போய்ப் பார்த்துவர அனுமதி. இதைக் குழு முன்னிலையில் எழுதி, உத்தரவாகவே வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

பேச்சு நடக்கும்போதே மேல்முறையீட்டையும் போட்டுவிடுங்கள். மாதாந்திர ஆய்வு அறிக்கைகள், மதிப்பெண் பட்டியல், மருத்துவச் சீட்டுகளை இணையுங்கள். தாயின் வீட்டைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை இல்லாமல் உத்தரவு போட்டிருந்தால், மனுவின் முதல் காரணமாக அதை எழுதுங்கள்.