ஐந்து ரூபாய் மாத ஒதுக்கீட்டில் நாணயம் சேர்த்த காலம்

பெரிய வருமானம் இல்லாதவர்கள் 1970களிலும் 80களிலும் நாணயங்களை எவ்வாறு சேகரித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 1974இல் நாகர்கோவிலில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். நாணயத்திற்கென்று மாதம் ஐந்து ரூபாய்க்கு மேல் செலவிடுவதில்லை என்ற கட்டுப்பாட்டைப் பல ஆண்டுகள் காத்தேன். அதனால் வெள்ளி ரூபாய்களைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு, கல்லாப்பெட்டிச் சில்லறையையும் எங்கள் ஊரின் பழைய செப்புக் காசுகளையும் மட்டுமே தேடினேன்.

இரவில் கடையைச் சாத்துமுன் சில்லறையை எண்ணுவது என் வேலை. வேண்டிய நாணயத்தை எடுத்துக்கொண்டு அதே மதிப்பிற்கு வேறு நாணயத்தைப் போட்டுவிட முதலாளி அனுமதித்திருந்தார். ஆண்டு எண்ணுக்குக் கீழே வைர வடிவக் குறி இருந்தால் பம்பாய் அக்கசாலையில் (நாணயம் அச்சிடும் சாலை) அச்சானது, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், ஒன்றும் இல்லையென்றால் கல்கத்தா என்று அறிந்த பிறகு, அறுகோண மூன்று பைசாவும் சதுர ஒரு பைசாவும்கூட ஆண்டுக்கு ஆண்டு, அக்கசாலைக்கு அக்கசாலை வேறுபட்ட தனித்தனி நாணயங்களாகத் தெரியத் தொடங்கின. முகமதிப்பைத் தவிர ஒரு காசும் கூடுதலாகச் செலவில்லாத சேகரிப்பு அது. 1968 முதல் 1971 வரை வந்த தாமரை இருபது பைசா மட்டும் விதிவிலக்கு. பொன்னிறத்திற்காகவும் தாமரைக்காகவும் பெண்கள் அதைப் பூசைக்கென்று எடுத்து வைத்துக்கொண்டதால், கல்லாவிற்கு அது அரிதாகவே வந்தது.

என் மனம் முழுவதும் ஈடுபட்டது திருவிதாங்கூர்க் காசுகளில்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதி அன்றைய சென்னை மாநிலத்துடன் (இன்றைய தமிழ்நாடு) சேர்வதற்கு முன், நெடுங்காலம் திருவிதாங்கூர் என்ற மலையாள நாட்டு சமஸ்தானத்தின் ஆட்சியில் இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கை என் ஆச்சி வாய்ப்பாடு போலச் சொல்வார். பழைய வெள்ளிச் சக்கரம் விரலில் நில்லாத அளவிற்குச் சிறியது. ஆகவே அதைக் கையால் எண்ணாமல், வரிசையாகக் குழி வெட்டிய சக்கரப் பலகையில் கொட்டி அசைத்து, குழிக்கு ஒன்றாக விழுந்ததும் மிச்சத்தை வழித்துவிட்டு, பலகையின் குழிக் கணக்கைக் கொண்டே தொகையை அறிந்தார்கள் என்பதையும் அவரிடமிருந்தே கேட்டேன்.

அந்தக் காசுகள் செல்லாதவையான பின், பழைய பாத்திரங்களோடு எடைக்குப் போய்க்கொண்டிருந்தன. வடசேரிச் சந்தைக்கு அருகில் இருந்த பழைய உலோகக் கடையில், செப்பு விலைக்குச் சற்று மேலே கொடுத்தால், குவியலிலிருந்து பொறுக்கிக்கொள்ள விடுவார்கள். ஒருபுறம் சங்கும் மறுபுறம் பின்னிய ஆங்கில எழுத்துகளும் கொண்ட காசுகளே மிகுதி. ஆர்.வி. என்றிருந்தால் ராம வர்மா, பி.ஆர்.வி. என்றிருந்தால் கடைசி அரசரான சித்திரைத் திருநாள் பால ராம வர்மா. ஆண்டு இருந்தால் அது மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு. அதை ஆங்கில ஆண்டாக்க 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும். 1114 என்று பொறித்த சக்கரம் 1938-39ஐச் சேர்ந்தது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு செலவும் ஆகவில்லை, ஆனால் இது தெரியாதிருந்தால் அந்தக் குவியலில் எதை எடுப்பது என்றே விளங்கியிருக்காது.

ஒரு தவற்றை மட்டும் இன்றும் நினைத்து வருந்துகிறேன். முதலில் கிடைத்த இருபது காசுகளையும் குத்துவிளக்கைப் போல் புளியிட்டுத் தேய்த்தேன். பல ஆண்டுகளாகப் படிந்திருந்த பழுப்பு மேற்பூச்சு போய், இளஞ்சிவப்பாகி, சங்கின் நுண்ணிய கோடுகளும் மழுங்கின. அதன்பின் எந்த நாணயத்தையும் நான் தேய்த்ததில்லை. மண் ஒட்டியிருந்தால் வெறும் நீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துவேன். பிளாஸ்டிக் உறைக்கும் செலவழிக்கவில்லை. கல்யாண அழைப்பிதழ் உறைகளை வெட்டிச் சிறு உறைகள் செய்துகொண்டேன்.

ஒவ்வோர் உறையின் மேலும் நாள், இடம், கொடுத்த விலை ஆகிய மூன்றையும் எழுதினேன். சுசீந்திரத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து கிடைத்த எட்டுக் காசு நாணயத்தின் உறையில், "1979 தை, அரிசிப் பானைக்குள் இருந்தது, விலை வாங்க மறுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறேன். என்னிடம் உள்ளவற்றில் நான் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.