காரின் முகப்பு விளக்குக் கூட்டின் உட்புறத்துக்குக் கருப்பு வண்ணம் அடிப்பது என்றால் என்ன? வெளிச்சம் குறையுமா?

முகப்பு விளக்கின் முன்மூடியைச் சூடுகாட்டிக் கழற்றி, உள்ளே பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான அலங்காரச் சட்டத்துக்குத் தோற்றத்துக்காகக் கருப்பு வண்ணம் அடிப்பதையே இப்படிச் சொல்கிறார்கள். பல்புக்குப் பின்னுள்ள கிண்ணம் போன்ற எதிரொளிப்பானில் மட்டும் வண்ணம் படவே கூடாது; ஏனெனில், நாலாபுறமும் சிதறும் ஒளியைத் திரட்டி முன்னே அனுப்புவது அதன் மெல்லிய அலுமினியப் பூச்சுதான், கருப்போ அந்த ஒளியை விழுங்கி வெப்பமாக்கிவிடும். வெள்ளையடித்த மாடக்குழியில் வைத்த அகல் முற்றம்வரை வெளிச்சம் காட்டும்; கரிபடிந்த மாடத்தில் அதே அகல் தன் திரியை மட்டுமே காட்டும். மதுரையில் மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் சாலையில் இரவில் செல்பவருக்கு இது சிறிய வேறுபாடன்று. முன்மூடியை மீண்டும் ஒட்டுகையில் இம்மியளவு இடைவெளி விட்டாலும் ஈரம் புகுந்து உள்ளே பனிபோல் படியும் (என்னைக் கேட்டால், பெரிய தலைவலி இதுதான்). கருப்படித்தால் ஒளி கூர்மையாகும் என்று பலர் நம்புவது தவறு. சட்டம் கருத்தாலும் சாலையில் விழும் ஒளி கூடுவதில்லை.