சக்கரம் சுற்றினால் ஆர்டுயினோ விளக்கு சிமிட்டுவது ஏன்?
கோபியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பையன் செய்த ரோபோ காரில் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் அதை இயக்கும் சின்னக் கணினியான ஆர்டுயினோ ஊனோ போர்டின் 'எல்' விளக்கு படபடவெனச் சிமிட்டுகிறது, போர்டு போய்விட்டதா என்று. பெரும்பாலும் இல்லீங்க.

'எல்' விளக்கு போர்டின் 13ஆம் பின்னோடு (வயர் செருகும் முனை) இணைந்தது. போர்டு ரீசெட் ஆகி முதலிலிருந்து தொடங்கும்போது, அதற்குள் முதலில் ஓடும் பூட்லோடர் என்ற சின்ன புரோகிராம் வழக்கமாக அதைச் சிமிட்டிவிட்டு நம் புரோகிராமுக்கு வழிவிடும். பையனின் புரோகிராம் 13ஐத் தொடவில்லை என்றால், பெரும்பாலும் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது. கிணற்று மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு மங்குமே, அதே கதைதான். மோட்டார் கிளம்பும்போது கரண்டை இழுக்க, வோல்டேஜ் விழுகிறது. அந்த நேரம் பச்சை 'ஆன்' விளக்கும் மங்கினால் சந்தேகமே வேண்டாம்.

சின்னச் சதுர 9 வோல்ட் பேட்டரிதானே போட்டிருக்கிறீர்கள்? அது மல்டிமீட்டருக்குச் சரி, மோட்டாருக்கு ஆகாது. 18650 என்ற, சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்து மோட்டார் டிரைவருக்கு (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன போர்டு) கொடுங்கள். கோவைப் பக்கம் போனால் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அதற்கான சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள். டிரைவரின் கிரவுண்டு வயர் போர்டின் கிரவுண்டோடு சேர்ந்திருக்க வேண்டும்.

'ஆன்' எரியவே இல்லை என்றால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், எங்கோ ஷார்ட் இருக்கலாம்.

அப்புறம், போர்டில் உள்ள டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது) விளக்குகள் யுஎஸ்பி வழியாகத் தகவல் போகும்போதுதான் சிமிட்டும். புளூடூத்தில் ஓட்டும்போது அவை அணைந்தே இருந்தால் பழுதில்லை. எச்.சி.-05 என்ற புளூடூத் மாட்யூலில் தனி விளக்கு உண்டு: வேகமாகச் சிமிட்டினால் போன் இன்னும் இணையவில்லை, இணைந்ததும் இரண்டு சிமிட்டல், கொஞ்சம் இடைவெளி என்று மாறிவிடும்.