ஸ்போர்ட்ஸ் காரின் முன் பம்பரில் ஓட்டை போடாமல் நம்பர் பிளேட்டை அழகாகப் பொருத்த முடியுமா?

முடியும். நீங்கள் இன்னும் வண்டியைக் கையில் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். வாங்கியிருந்தால் இந்நேரம் ஷோரூமில் ஒருவர் டிரில் மெஷினோடு வந்து வேலையை முடித்திருப்பார். எனக்கு அப்படித்தான் முடித்தார்கள்.

நான் கும்பகோணத்துக்காரன். பதினேழு வருடம் வளைகுடாவில் உழைத்துவிட்டுத் திரும்பி, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினேன். (விவசாயக் குடும்பத்துக்கு இது தேவையா என்று கேட்க நினைப்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். நிலத்தை விற்றும் வாங்கவில்லை, கடனுக்கும் வாங்கவில்லை.) அம்மா சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார், நான் சாவியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் ஷோரூம் பையன் முன் பம்பரில் இரண்டு துளைகளைப் போட்டுவிட்டான். அளவுகோல் எல்லாம் கிடையாது, கண்மதிப்புதான். பிளேட் நடுவிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் விலகி, கொஞ்சம் சாய்ந்தும் இருந்தது. கேட்டதற்கு, "ஓடும்போது தெரியாது சார்" என்றான்.

ஒன்றரை சென்டிமீட்டருக்கா இவ்வளவு புலம்பல் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் வீட்டு நிலைவாசல் அந்த அளவு சாய்ந்திருந்தால் ஆசாரியைச் சும்மா விடுவீர்களா?

முன்னால் பிளேட்டே வேண்டாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். இணையத்தில் நீங்கள் பார்க்கும் வெறும் மூக்குக் கார்கள் பல, ஃப்ளோரிடா, பென்சில்வேனியா போன்று பின் பிளேட் மட்டும் போதும் என்கிற அமெரிக்க மாநிலங்களைச் சேர்ந்தவை. இங்கே முன்னும் பின்னும் வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட் கட்டாயம். 500 மில்லிமீட்டர் நீளம், 120 மில்லிமீட்டர் உயரம் உள்ள அலுமினியத் தகடு, மேல் இடது மூலையில் அசோகச் சக்கர முத்திரை, லேசரில் பொறித்த தனி எண், ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் கழற்ற முடிகிற ஸ்னாப் லாக். அதை வளைக்கவோ வெட்டவோ வழியில்லை. அது உட்காரும் இடத்தை மட்டும்தான் நாம் தீர்மானிக்கலாம்.

துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்தபின் நான் செய்த முட்டாள்தனம், இரட்டைப் பக்க ஒட்டுநாடாவை நம்பியது. பூட்டில்லாமல் ஓட்டியது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது நாள்தான் ஓட்டினேன். புரட்டாசி வெயிலில் பசை இளகி, திருவாரூர் போகும் வழியில் பிளேட் எங்கோ விழுந்துவிட்டது. தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அலைய வேண்டும் என்பதால் வந்த வழியே ஊர்ந்து திரும்பினேன். குடவாசலுக்கு முன்னால், சாலையில் குறுவை நெல்லைக் காயப் போட்டிருந்த ஒரு பாட்டி என் பிளேட்டால் நெல்லைத் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார். "உங்களுடையதா தம்பி? வாட்டமாக இருக்கிறது" என்று துடைத்துக் கொடுத்தார்.

சாலையில் நெல் காயப் போடுகிறார்களே என்று காரில் போகிறவர்கள் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். அறுவடை நேரத்தில்தான் மழையும் வரும். ஊரில் களம் இல்லை. இருக்கிற களத்தில் முந்தி வந்தவர் நெல் கிடக்கும். எங்கள் மூட்டைகளே ஒரு வருடம் அந்த நிலைய வாசலில் ஆறு நாள் கிடந்து முளைவிட்டன. அவர் வேறு எங்கே போய்க் காயவைப்பார்? சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

வழி இதுதான். முன் பம்பரில் ஓரமாகச் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைப் பெயர்த்தால் உள்ளே மரையுள்ள துளை. வண்டி பழுதானால் இழுவைக் கொக்கியை மாட்டுவதற்கான இடம் அது. அந்த மரையில் ஒரு தண்டைத் திருகி, அதன் முனையில் பிராக்கெட்டை மாட்டிப் பிளேட்டைப் பொருத்தலாம். பிளேட் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, நடுவிலுள்ள காற்றுத் திறப்பும் மறைவதில்லை.

கடையில் வாங்கிய பிராக்கெட் என் வண்டிக்குச் சேரவில்லை. டிக்கியிலிருந்த கொக்கியையே மாதிரிக்கு எடுத்துக்கொண்டு நாச்சியார்கோவிலில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். குத்துவிளக்குகளைத் துண்டு துண்டாக வார்த்து, மரை போட்டு ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கிற ஊர்; மரையைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டறைக்காரர் கொக்கியை விரலால் தடவிப் பார்த்தார். மறுநாள் பித்தளையில் ஒரு தண்டு தயாராக இருந்தது. ஆடி, ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் பலவற்றில் இந்த மரை வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும், அதனால் கொக்கி இல்லாமல் போகாதீர்கள்.

முழுக்க இறுக்கினால் பிளேட் சாய்ந்து நிற்கும். அதனால் ஒரு சுற்றுக் குறைவாக நிறுத்தி, மட்டம் பார்த்து, பின்னாலிருந்து செக் நட்டால் (தண்டு சுழலாமல் பிடித்துவைக்கும் கூடுதல் நட்டு) இறுக்க வேண்டும். முதலில் நான் அதை வைக்கவில்லை. மூன்று வாரத்தில் வேகத்தடைகள் பிளேட்டை ஆடவிட்டன. பிளேட்டுக்குப் பின்னால் மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு கொடுங்கள், இல்லையென்றால் காற்றில் படபடக்கும். பம்பரைத் தொடும் ஓரத்தில் ரப்பர் ஒட்டுங்கள். பார்க்கிங் சென்சாரை மறைக்கக் கூடாது. கடைசியாக, ஷோரூமிலேயே பணம் கட்டிப் புது ஸ்னாப் லாக் போட வைத்தேன். சட்டம் பேச வருபவர்கள் இதைக் கவனிக்கவும்.

பித்தளைத் தண்டு பிளேட்டைத் தாங்கும், வண்டியை இழுக்கத் தாங்காது. இழுக்க வேண்டி வந்தால் அதைக் கழற்றிவிட்டு அசல் கொக்கியை மாட்டுங்கள். சென்ற ஐப்பசியில் வண்டி சேற்றில் இறங்கியபோது டிராக்டர்க்காரருக்கு இதை விளக்கிக்கொண்டே டிக்கியில் கொக்கியைத் தேடினேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் கயிற்றைப் பிளேட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தார். செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு ஓடினேன்.